முதலில் தாயக்கட்டை, அப்புறம்தான் கணினி

கேட்டிருப்பது இது: "அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணிதம் எடுக்கிறேன். பள்ளியில் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறது. நிகழ்தகவுப் பாடத்தைப் புள்ளியியல் மென்பொருள் வைத்து நடத்த ஆசை. எந்த மென்பொருள் நல்லது, எங்கிருந்து தொடங்குவது? பிள்ளைகள் கணக்கைப் போட்டுவிடுகிறார்கள், ஆனால் புரிந்து போடுகிறார்களா என்றுதான் தெரியவில்லை."

உங்கள் கேள்வியின் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. இரண்டு பகடைகளின் கூறுவெளியை, அதாவது விழக்கூடிய எல்லா விளைவுகளையும், எழுது என்றால் 36 ஜோடிகளையும் மளமளவென்று எழுதிவிடுகிற பிள்ளையிடம், "சரி, நிகழ்தகவு 1/6 என்றால் என்ன அர்த்தம்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆறில் ஒன்று சார்" என்று பதில் வரும். "ஆறு தடவை உருட்டினால் ஒரு தடவை வருமா?" "வரும் சார்." "கட்டாயம் வருமா?" அங்கே பேச்சு நின்றுவிடும். அந்த இடத்தைத் தாண்டுவதற்கு மென்பொருள் உண்மையிலேயே உதவும். விடையைக் கணக்கிட்டுத் தருவதற்கு அது தேவையே இல்லை, அதற்குப் பேனாவும் தாளும் போதும்.

சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: ஆய்வகத்துக் கணினியில் இருக்கிற விரிதாள், அதாவது எக்செல் அல்லது லிப்ரே ஆபிஸ் கால்க், பத்தாம் வகுப்புக்குப் போதும். தொடங்க வேண்டிய இடம் ஆய்வகம் இல்லை, வகுப்பறைத் தரை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் முதல் வருடம் நான் இதைத் தலைகீழாகச் செய்து கெடுத்துவிட்டேன்.

அந்த வருடம் பிள்ளைகளை நேரே ஆய்வகத்துக்கு அழைத்துப் போனேன். புரொஜெக்டரில் ஒரு நாணயத்தைப் பத்தாயிரம் முறை சுண்டுகிற வரைபடம் ஓடியது. கோடு முதலில் மேலும் கீழுமாக ஆடி, போகப் போக 0.5-க்குப் பக்கத்தில் அடங்கிப் படுத்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. எல்லோரும் நோட்டில் வரைந்துகொண்டார்கள். ஒரு வாரம் கழித்து, தலை விழுவதற்கான நிகழ்தகவு ஏன் 1/2 என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து பதில் வந்தது: "கம்ப்யூட்டர் காட்டுச்சே சார்." கம்ப்யூட்டருக்கு 1/2 என்று சொல்லிக்கொடுத்ததே நான்தான் என்பது அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. தலைக்கு 0.7 என்று கொடுத்திருந்தால் அதே கோடு 0.7-இல் போய்ப் படுத்திருக்கும். அதைப் பார்த்தும் அவர்கள் வரைந்துகொண்டுதான் இருந்திருப்பார்கள்.

இப்போது நான் செய்வது வேறு மாதிரி. முந்தின நாளே, வீட்டில் தாயக்கட்டை இருப்பவர்களைக் கொண்டுவரச் சொல்லிவிடுவேன். பித்தளையில் நீளமாக, நாலு பட்டையாக இருக்குமே, அந்த ஜோடிக்கட்டை. ஒரு பட்டை வெறுமையாகவும் மற்ற மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளும் இருக்கும். பாட்டி வீட்டில் கேட்டால் பாதிப் பேருக்குக் கிடைத்துவிடும். போதாத குழுவுக்கு 0, 1, 2, 3 என்று எழுதிய நாலு சீட்டை ஒரு டப்பாவிலும் அதேபோல் நாலு சீட்டை இன்னொரு டப்பாவிலும் போட்டுக் கொடுங்கள். இரண்டிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்டிவிட்டு, சீட்டைத் திரும்பப் போட வேண்டும். பகடையை விட்டுவிட்டுத் தாயக்கட்டையை எடுப்பதற்குக் காரணம் உண்டு. பகடைக் கணக்கின் விடை பிள்ளைகளுக்கு ஏற்கெனவே மனப்பாடம். தாயத்துக்கு யாரும் விடை எழுதிக் கொடுத்ததில்லை, ஆனால் ஆட்டம் எல்லோருக்கும் தெரியும்.

கட்டையைத் தொடும் முன் ஊகத்தை எழுதி வாங்குங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். "விழக்கூடிய எண்கள் எவை? ஒவ்வொன்றும் விழுவதற்கான நிகழ்தகவு எவ்வளவு?" இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12 என்பது ஆட்டத்தின் விதி. ஆக 1, 2, 3, 4, 5, 6, 12 என்று மொத்தம் ஏழு எண்கள். வகுப்பில் பெரும்பாலோர் எழுதுவது, எல்லாவற்றுக்கும் 1/7. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் அதைத்தான் எழுதுவார்கள். திருத்தாதீர்கள். தாளை வாங்கி மேசையில் வைத்துவிடுங்கள்.

அப்புறம் தரையில் உட்கார வைத்து உருட்டச் சொல்லுங்கள். 45 பேர் என்றால் மூன்று மூன்று பேராக 15 குழு. ஒருவர் உருட்ட, ஒருவர் சொல்ல, ஒருவர் கோடு போட்டுக் குறிக்க வேண்டும். குழுவுக்கு 40 உருட்டு என்றால் மொத்தம் 600. சத்தம் பக்கத்து வகுப்புக்குக் கேட்கும், அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. பத்து நிமிடத்தில் யாராவது ஒருவர் "மூணே விழுது சார்" என்று கத்துவார்கள். இன்னொரு குழுவில் பன்னிரண்டு ஒரு தடவைகூட விழுந்திருக்காது. கரும்பலகையில் 15 குழுவின் எண்ணிக்கையையும் நிரை நிரையாக எழுதிக் கூட்டினால், 3-க்கு 150-ஐ ஒட்டியும் 12-க்கு 40-ஐ ஒட்டியும் நிற்கும். 1/7 சரியென்றால் இரண்டும் 86-ஐ ஒட்டி இருந்திருக்க வேண்டும். மேசையில் இருக்கிற தாளை இப்போது எடுத்துக் காட்டலாம்.

இந்த இடத்தில் நானாகப் 16 ஜோடிகளை எழுதிப் போட மாட்டேன். எழுதிப் போட்டால் பாடம் முடிந்துவிடும். ஆய்வகத்துக்குக் கூட்டிப் போவது இந்தக் கட்டத்தில்தான், ஏனென்றால் இப்போது பிள்ளைகளிடம் ஒரு சந்தேகம் இருக்கிறது: கட்டை தேய்ந்து போனதால் மூன்று அதிகம் விழுகிறதா, அல்லது தேயாத கட்டையிலும் அப்படித்தானா? தேய்மானமே இல்லாத ஒரு கட்டை வேண்டும். அதைக் கணினியில் செய்யலாம், ஆனால் அவர்கள் கையால் செய்ய வேண்டும்.

விரிதாளில் முதல் கட்டத்தில் சமக்குறி போட்டு ரேண்ட்பிட்வீன் என்ற சார்பை எழுதி, அடைப்புக்குள் 0, 3 என்று கொடுத்தால் 0, 1, 2, 3 ஆகிய நான்கில் ஏதோ ஒன்று சமவாய்ப்பில் வரும். அது முதல் கட்டை. பக்கத்துக் கட்டத்தில் அதையே மறுபடி எழுதினால் இரண்டாவது கட்டை. மூன்றாவது கட்டத்தில் கூட்டல், கூட்டல் பூஜ்யம் என்றால் 12 என்று வைக்க இஃப் சார்பு. அந்த மூன்று கட்டத்தையும் சேர்த்துப் பிடித்துக் கீழே 1000 வரிக்கு இழுத்துவிட்டால் 1000 உருட்டு தயார். பக்கத்தில் கவுண்ட்இஃப் சார்பால் ஒவ்வொரு எண்ணும் எத்தனை முறை வந்தது என்று எண்ணி, ஒரு பட்டை வரைபடம் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். மூன்று பேருக்கு ஒரு கணினி என்றாலும் 20 நிமிடத்தில் செய்துவிடுகிறார்கள்.

ஒரு வரி என்பது ஒரு உருட்டு. இதை அவர்கள் வாயால் சொல்ல வையுங்கள். "இந்த 417-ஆம் வரியில் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். "முதல் கட்டையில் 2, இரண்டாவதில் 1, மூணு விழுந்தது." "412-ஆம் வரியில்?" "முதலில் 0, அப்புறம் 3. அதுவும் மூணுதான்." இங்கே ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். திரும்பவும் மேலே உருட்டிக்கொண்டே போய், மூன்று விழுந்த வரிகளை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள்: "0, 3... 3, 0... 1, 2... 2, 1... நாலு வழி இருக்கு சார். பன்னிரண்டுக்கு ஒரே வழிதான்." மற்றதை அவர்களே முடித்துவிட்டார்கள். 16-இல் 4, 16-இல் 1. நான் எழுதிப் போடாத கூறுவெளி நோட்டுக்கு வந்துவிட்டது.

சமவாய்ப்பு ஏழு எண்களுக்கு இல்லை, 16 ஜோடிகளுக்குத்தான் என்பது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். 18-ஆம் நூற்றாண்டில் டலாம்பேர் என்ற பெரிய பிரெஞ்சுக் கணித அறிஞரே இதில் தவறியிருக்கிறார். நாணயத்தை இரண்டு முறை சுண்டி ஒரு தலையாவது விழுவதற்கான நிகழ்தகவு 2/3 என்று அவர் எழுதினார். முதல் முறையே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது, ஆகவே தலை, பூ-தலை, பூ-பூ என்று மூன்றே வழிகள் என்பது அவர் வாதம். சரியான விடை 3/4. தாளில் 1/7 எழுதிய பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள், அவர்கள் முகத்தில் ஒரு தெம்பு வரும்.

அடுத்தது எஃப் 9 விசை. அதை அழுத்தினால் 1000 வரியும் ஒரே நொடியில் புதிதாக உருளும், பட்டைகள் எல்லாம் துள்ளும். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு, அழுத்திக்கொண்டே இருப்பார்கள். இருக்கட்டும். ஒவ்வொரு அழுத்தலிலும் தாயம், அதாவது ஒன்று, எத்தனை விழுந்தது என்று 20 முறை எழுதி வைக்கச் சொல்லுங்கள். தாயத்துக்கு இரண்டு வழி, ஆக 1/8, 1000-இல் 125 வர வேண்டும். சரியாக 125 வருவது அபூர்வம். 118 வரும், 131 வரும், 109 வரும். 20 முறையில் 19 முறை அளவுக்கு 105-க்கும் 145-க்கும் நடுவில் இருக்கும். வரிகளை 100 ஆகக் குறைத்தால் 6-உம் வரும், 19-உம் வரும். 10,000 ஆக்கினால் 1185-க்கும் 1315-க்கும் நடுவில் பெரும்பாலும் அடங்கிவிடும். இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு அகலம் என்பதைக் கண்ணால் பார்ப்பதுதான் மென்பொருளின் மிகப் பெரிய பயன். கையால் 1000 உருட்டை 20 முறை உருட்ட எந்த வகுப்பாலும் முடியாது.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. தாயத்தின் எண்ணிக்கையை மட்டும் வைத்து 1/7 தவறு, 1/8 சரி என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. 1000 உருட்டில் 1/7 என்றால் 143. அது 105-க்கும் 145-க்கும் நடுவிலேயே விழுகிறது. 3-ஐயும் 12-ஐயும் பார்த்தால்தான் பளிச்சென்று தெரியும். எந்த எண்ணைப் பார்த்தால் சந்தேகம் தீரும், அதற்கு எத்தனை உருட்டு வேண்டும் என்று பிள்ளைகளையே யோசிக்க விடுங்கள். பதினோராம் வகுப்புக்கு அப்பால் அவர்கள் படிக்கப் போகும் புள்ளியியலின் வேர் அந்த யோசனையில் இருக்கிறது.

"எட்டில் ஒன்று" என்பதற்கு வருகிறேன். தாயம் போட்டால்தான் காயை இறக்க முடியும். "எட்டு தடவை உருட்டினால் தாயம் விழுந்துவிடுமா?" என்று கேளுங்கள். "அநேகமாக விழுந்துவிடும்" என்பார்கள். ஒவ்வொருவரையும் எட்டு முறை உருட்டச் சொன்னால், 45 பேரில் 15 பேர் அளவுக்குத் தாயமே இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். எட்டிலும் விழாமல் போவதற்கான நிகழ்தகவு 7/8-ஐ எட்டு முறை பெருக்கினால் கிடைப்பது, சுமார் 0.34. மூன்றில் ஒருவருக்கு மேல்! இதைக் கணினிக்குப் போகாமலே செய்யலாம், செய்யவும் வேண்டும்.

கணினி உதவுவது அதற்கு அடுத்த கேள்விக்கு. ஏழு முறை தாயம் விழவில்லை, எட்டாவது முறை விழும் வாய்ப்பு கூடியிருக்குமா? வீட்டில் ஆடுகிற யாரைக் கேட்டாலும் "இவ்வளவு நேரம் விழவில்லை, இனி விழுந்தே தீரும்" என்பார்கள். பிள்ளைகளும் அப்படித்தான் நம்புகிறார்கள், வாயால் மறுத்துச் சொன்னால் தலையாட்டிவிட்டு அப்படியேதான் நம்புவார்கள். ஒரு வரிக்கு ஒரு ஆட்டக்காரர், எட்டு நெடுவரிசை, தாயம் விழுந்தால் 1 இல்லையென்றால் 0 என்று 2000 வரி போடச் சொல்லுங்கள். பிறகு வடிகட்டி வைத்து, முதல் ஏழு நெடுவரிசையிலும் 0 இருக்கிற வரிகளை மட்டும் நிறுத்தி வையுங்கள். 785-ஐ ஒட்டி வரிகள் மிஞ்சும். அவற்றில் எட்டாவது நெடுவரிசையில் 1 எத்தனை? 98-ஐ ஒட்டி. வகுத்துப் பார்த்தால் அதே எட்டில் ஒன்று. கட்டைக்கு ஞாபகம் கிடையாது என்று நான் பத்து வருடம் சொல்லிப் பார்த்தேன், அந்த வடிகட்டியைப் பார்த்த பிறகுதான் நம்பினார்கள்.

ஒரு எச்சரிக்கை. வடிகட்டும் முன் எண்களை உறைய வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் ஏதாவது ஒரு கட்டத்தில் கை வைத்தவுடன் எல்லா வரியும் மறுபடி உருண்டு, வடிகட்டி நிறுத்திய வரியில் எல்லாம் வேறு எண் வந்து நிற்கும். பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். மொத்தத்தையும் நகலெடுத்து, பேஸ்ட் ஸ்பெஷலில் மதிப்புகளை மட்டும் வேறொரு தாளில் ஒட்டிவிட்டு அங்கே வடிகட்டுங்கள். எனக்கு ஒரு முழுப் பாடவேளை இதில் வீணாகியிருக்கிறது.

பதினோராம் வகுப்பில் நிபந்தனை நிகழ்தகவு வரும்போது இந்த வடிகட்டி மறுபடி கைகொடுக்கும். "ஒரு நிகழ்ச்சி நடந்துவிட்டது எனத் தெரிந்தபின்" என்று சொல்வதன் பொருள், அது நடந்த வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறைத்துவிடு என்பதே. நூற்றுக்கு ஒருவருக்கு உள்ள ஒரு நோய் என்று வைத்துக்கொள்வோம். நோய் உள்ளவரில் 95 சதவீதத்தைச் சோதனை பிடித்துவிடும், இல்லாதவரில் 5 சதவீதத்துக்கு இருப்பதாகத் தவறாகக் காட்டும். 10,000 வரியில் சோதனை "இருக்கிறது" என்று காட்டியவர்களை வடிகட்டினால் 590-ஐ ஒட்டி வரும், அவர்களில் உண்மையில் நோய் உள்ளவர்கள் 95-ஐ ஒட்டித்தான். நூற்றுக்குப் பதினாறு. சூத்திரத்தை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

நாணயத்துக்கு வருவோம், அதில் ஒரு தவறான நம்பிக்கையைப் பெரியவர்களும் சுமந்துகொண்டிருக்கிறார்கள். நிறைய முறை சுண்டினால் தலையும் பூவும் கடைசியில் சமமாகிவிடும் என்பது அது. என் முதல் வருடத்து வரைபடம் அந்த நம்பிக்கையை இன்னும் பலப்படுத்தியிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். விகிதம் 0.5-ஐ நெருங்குவது உண்மை. ஆனால் தலைக்கும் பூவுக்கும் உள்ள வித்தியாசம் குறைவதில்லை, போகப் போக வளரத்தான் பார்க்கும். 100 சுண்டலில் வித்தியாசம் 10-ஐ ஒட்டி இருப்பது சாதாரணம் என்றால், 10,000 சுண்டலில் 100-ஐ ஒட்டி இருப்பது சாதாரணம். சுண்டல் நூறு மடங்கானால் வித்தியாசம் பத்து மடங்குதான் ஆகிறது, அதனால் வகுக்கும்போது விகிதம் சுருங்குகிறது. முன்னால் வந்த தலைகளைப் பின்னால் வரும் பூக்கள் ஈடுகட்டுவதால் இல்லை, பெருங்கூட்டத்தில் அவை கரைந்துபோவதால். இதற்கு ஒரே திரையில் இரண்டு வரைபடம் வேண்டும்: ஒன்று விகிதம், ஒன்று வித்தியாசம். ஒன்று அடங்குவதையும் இன்னொன்று அலைவதையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போது வகுப்பே அமைதியாகிவிடும்.

ஜான் கெரிச்சின் கதையை இங்கே சொல்வேன். தென்னாப்பிரிக்காவில் கணிதம் கற்பித்த அவர் 1940-இல் டென்மார்க்குக்குப் போயிருந்தபோது ஜெர்மன் படைகள் அந்த நாட்டைப் பிடித்துவிட்டன. காவலில் இருந்த காலத்தில் ஒரு நாணயத்தை 10,000 முறை சுண்டிக் குறித்து வைத்தார். 5067 முறை தலை. விகிதம் 0.5067, வித்தியாசம் 134. நம் பிள்ளைகள் 10,000 வரி வைத்து எஃப் 9-ஐ ஒரு முறை அழுத்துவதும் அவர் அத்தனை நாள் உட்கார்ந்து சுண்டியதும் ஒரே அளவு வேலை. சொன்னால் விசையை அழுத்துகிற விரல் ஒரு கணம் நிற்கும்.

இனிப் புளியங்கொட்டை. என்னைக் கேட்டால் இந்தப் பாடத்தின் உயிரே இதுதான். ஒருபக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய ஆறு புளியங்கொட்டைகளைக் குலுக்கிப் போட்டு, வெள்ளை எத்தனை விழுகிறது என்று எண்ணித் தாயம் ஆடுவோம் அல்லவா? ஒரே ஒரு வெள்ளை விழுந்தால் தாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கணினியில் செய்யச் சொல்லுங்கள். பிள்ளைகள் உடனே வெள்ளைக்கு 1/2 என்று போடுவார்கள், நாணயம் மாதிரி. ஏன் 1/2? ஒருபக்கம் தட்டை, ஒருபக்கம் உருண்டை. இரண்டு முகம் இருந்தால் பாதிப் பாதி என்று யார் சொன்னது? இப்போது கூறுவெளி உதவாது, சூத்திரமும் உதவாது. போட்டுப் பார்த்து எண்ணுவதைத் தவிர வழியில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே படித்த பட்டறி நிகழ்தகவு எதற்கு என்று அப்போதுதான் பிள்ளைகளுக்கு உறைக்கும்.

குழுவுக்கு ஒரு கொட்டை, 50 முறை போட்டு எண்ணட்டும். பத்துக்கு ஆறு முறை வெள்ளை விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ரேண்ட் சார்பு 0-க்கும் 1-க்கும் நடுவில் ஒரு எண் தரும், அது 0.6-க்குக் குறைவென்றால் வெள்ளை என்று ஆறு நெடுவரிசை எழுதிக் கூட்டினால் ஆயிற்று. 1/2 என்று வைத்தபோது தாயம் நூற்றுக்கு 9-க்கு மேல் விழும். 0.6 என்று மாற்றினால் நூற்றுக்கு 4-கூட விழாது. கொஞ்சம் மாற்றியதற்கு இவ்வளவு வித்தியாசமா என்று அவர்களே கேட்பார்கள். கொட்டையை எவ்வளவு தேய்ப்பது என்பதில் வீட்டில் ஏன் அவ்வளவு சண்டை வருகிறது என்பதும் விளங்கிவிடும். "கம்ப்யூட்டர் காட்டுச்சே சார்" என்ற பதில் அதற்கப்புறம் எனக்கு வரவில்லை. 0.6 அவர்கள் போட்ட எண், அது சரியா தவறா என்று தரையில் போய்த்தான் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

மென்பொருள் பற்றி மீதியைச் சொல்லிவிடுகிறேன். விரிதாளை முதலில் வைப்பதற்குக் காரணம், இணையம் வேண்டாம், ஒவ்வொரு வரியும் கண்ணுக்குத் தெரியும், பள்ளி முடித்த பிறகும் பிள்ளைகளுக்கு உதவும். நம் பாடநூலின் இணையச் செயல்பாடு பகுதியில் வருகிற ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளும் நல்லது. அதில் உள்ள நிகழ்தகவுக் கணிப்பான் பன்னிரண்டாம் வகுப்பின் ஈருறுப்புப் பரவலுக்கும் இயல்நிலைப் பரவலுக்கும் மிகவும் பொருந்தும், பத்தாம் வகுப்புக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. அமெரிக்காவின் கான்கார்ட் கன்சார்ஷியம் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே செய்த கோடாப் என்ற இலவச மென்பொருள் உலாவியிலேயே ஓடும். அதில் டப்பாவில் உருண்டைகளைப் போட்டு எடுப்பதைத் திரையிலேயே அமைக்கலாம். இணையம் நன்றாக இருக்கும் பள்ளி என்றால் முயன்று பாருங்கள்.

ஆர் மொழியைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் 1990-களில் உருவாக்கியது, இலவசம், உலகெங்கும் புள்ளியியலாளர்கள் பயன்படுத்துவது. 10,000 உருட்டை ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரிக்குள் 10,000 உருட்டும் மறைந்துவிடுகிறது என்பதுதான் பத்தாம் வகுப்புக்குச் சிக்கல். பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் படிக்கிற கணினி அறிவியல் பிரிவுப் பிள்ளைகள் என்றால் ஆர் அல்லது பைத்தான் எதையும் கொடுக்கலாம், அவர்கள் ரசிப்பார்கள். பொத்தானை அழுத்தினால் பகடை உருளும் ஆயத்தச் செயலிகளை மட்டும் நான் தவிர்க்கிறேன். அவற்றில் பிள்ளை எதையும் கட்டுவதில்லை, வேடிக்கைதான் பார்க்கிறது.

கணினிக்கு எப்படித் தாயம் உருட்டத் தெரியும் என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். நல்ல கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். அது உருட்டுவதில்லை. ஒரு தொடக்க எண்ணை எடுத்து, நீளமான ஒரு கணக்கில் போட்டு, தொடர்பே இல்லாதது போலத் தோன்றும் எண்களை வரிசையாகத் தருகிறது. அதே தொடக்க எண்ணைக் கொடுத்தால் அதே வரிசைதான் திரும்ப வரும்.

நேரம் இருந்தால் பிறந்தநாள் கணக்கையும் செய்யுங்கள், வருகைப் பதிவேடே போதும். 23 பேர் இருந்தாலே இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் நிகழ்தகவு பாதியைத் தாண்டிவிடும், 40 பேர் என்றால் சுமார் 0.89. விரிதாளில் 1 முதல் 365 வரை 40 எண்களை வரவழைத்து எஃப் 9 அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆசிரியர் அறைப் பட்டியலில் செய்வதானால் ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் தலைமுறையில் பலருக்குப் பள்ளியில் சேர்க்கும்போது போட்டுக்கொடுத்த தேதிதான் பிறந்த தேதி, மே, ஜூன் மாதங்களில் வந்து குவியும். எல்லா நாளும் சமவாய்ப்பு என்று நாம் வைத்துக்கொண்டது அங்கே பொருந்தாது, ஒன்றாக அமையும் வாய்ப்பு இன்னும் கூடும்.

பொதுத்தேர்வை நினைத்துத் தயங்குவீர்கள், தெரியும். தேர்வில் உருவகப்படுத்தலுக்கு, அதாவது இப்படிக் கணினியில் உருட்டிப் பார்ப்பதற்கு, மதிப்பெண் இல்லை, கூறுவெளியை எழுதி விடை காண்பதற்குத்தான். நான் மொத்தம் நாலு பாடவேளை எடுத்துக்கொள்கிறேன்: ஒன்று தரையில், இரண்டு ஆய்வகத்தில், ஒன்று மறுபடி கரும்பலகையில். மூன்றாவது பாடவேளை முடிந்தபின் புத்தகத்தின் பயிற்சிக் கணக்குகள் வேகமாகப் போகின்றன. இரண்டு பகடையின் கூடுதல் 7 ஆக இருக்கும் கணக்கை யாரும் 11-இல் ஒன்று என்று எழுதுவதில்லை. மின்சாரம் போனாலோ, ஒரே மடிக்கணினிதான் இருக்கிறது என்றாலோ, 1000 வரிகளை முந்தின நாளே அச்செடுத்துக் குழுவுக்கு ஒரு பக்கமாகப் பிரித்துக் கொடுத்து எண்ணச் சொல்லலாம். எஃப் 9 இருக்காது, ஆனால் குழுவுக்குக் குழு எண்ணிக்கை மாறுவதைப் பார்த்துவிடலாம்.

தரையில் உருட்டிக் குறித்த தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். நான் ஒவ்வொரு வருடத்து 600-ஐயும் ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறேன். அடுத்த வருடப் பிள்ளைகள் தங்கள் 600-ஐ அதனுடன் கூட்டி, விரிதாளில் வந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். போன வருடம் அண்ணன் உருட்டிய தாளைத் தேடி எடுத்து, அவனுக்கு எத்தனை பன்னிரண்டு விழுந்தது என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் கட்டையைக் கையில் எடுப்பார்கள்.